ஆறு பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை

அந்த மாசி மாதம் முழுக்க நான் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆய்வகத்தில், கழுவி வைத்த பாட்டில்களையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

“அக்கா, அந்தப் பாட்டில் இன்னா பாவம் பண்ணுச்சு? தோலை உரிக்காம விடமாட்டீங்க போலருக்குதே,” என்றார் சென்னையிலிருந்து தினமும் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவர்.

“அழுக்கு இருக்குதுப்பா.”

“அழுக்கு பாட்டில்லயா, மனசுலயா?”

அவர் எப்போதும் அப்படித்தான், விளையாட்டுக்குச் சொல்லுவார். அன்றைக்கு என் கையிலிருந்து பாட்டில் நழுவித் தொட்டியில் விழுந்தது.

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில். எங்கள் குழுவின் வேலை, மண்ணை வைத்துப் பழைய மழையைக் கண்டுபிடிப்பது. ஏரியின் அடியில் வருஷா வருஷம் வண்டல் படிகிறது இல்லையா, அதில் ஒரு நீளக் குழாயை இறக்கி அப்படியே உருவி எடுத்து வருவோம். குழாயின் மேல் நுனியில் இருப்பது போன மழைக்கு வந்த மண். கீழே போகப் போகப் பாட்டன், முப்பாட்டன், அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள் மிதித்த மண். அதைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வில்லை போட்டு, பாட்டிலில் அடைத்து, உலர்த்தி, பொடித்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் குறையக் குறைய, கரைந்திருந்த சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்வது போலத்தான். சுண்ணாம்பு ஏறியிருந்தால் அந்தக் காலத்தில் ஏரி வற்றியது, இறங்கியிருந்தால் நல்ல மழை. இது தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எனக்கே முழுசாகத் தெரியாது.

நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவள். பட்டு நூல் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இங்கே பாட்டில் கழுவ வந்தேன். ஒருநாள் மாணவர்கள் ஒரு சிட்டிகை மண்ணை எடை போடத் தடுமாறிக்கொண்டிருந்தபோது வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒரே தடவையில் நின்றது. அன்றிலிருந்து எடையும், உலர்த்தலும், லேபிள் எழுதுவதும் என் வேலை. கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். லேபிள் நோட்டின் பின்பக்கத்தில் இன்னொன்றும் எழுதுவேன். ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதையெல்லாம், மறந்துவிடுமே என்று எழுதி வைப்பது என் பழக்கம். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

எங்கள் பேராசிரியையின் பேச்சு அதில் நிறைய உண்டு. தெற்கத்திக்காரர். யார் ஒரு நல்ல வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு,” என்பார். சென்னை மாணவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் “ஏரியைக் கேளுங்க” என்பார். சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டாலும் அதுதான்.

மூன்றாவது ஆள்தான் இந்தக் கதைக்கு உரியவள். மாகறல் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அவளுடைய முன்னோர்கள் ஒரு காணி நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார்கள். அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அவள் ஊருக்குப் பக்கத்து ஏரி. ஏன் அதையே எடுத்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க தாத்தாவோட தாத்தா காலத்துக்கும் முன்னாடி, ஏரி அடியோட வத்தி, எங்க ஆளுங்க மொத்தமா ஊரை விட்டுப் போனாங்களாம்க்கா. அப்புறம் திரும்பி வந்தாங்களாம். எங்க அப்பா சொல்லுவாரு. யாரும் நம்ப மாட்டாங்க. கோயில் செவுத்துல நெலம் குடுத்தவன் பேரு இருக்குது, வெளக்கு வெச்சவன் பேரு இருக்குது. ஏரி வெட்டினவன் பேரு எங்க இருக்குது? எங்க கதை கல்லுல இல்லக்கா. மண்ணுலதான் தேடணும்.”

அதையும் எழுதி வைத்தேன்.

அந்த மாசிக்கு நாலைந்து மாதம் முன்னால் வந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தில் அன்றைக்குத் தறி, தராசு, ஆட்டோ, தையல் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் இயந்திரங்கள் மட்டும் மூளியாக நிற்பதா? பொரி கடலைக்கு மேடம் சொல்லிவிடுவார், பூவும் விபூதியும் சந்தனமும் குங்குமமும் என் பொறுப்பு. “மெஷினுக்கு மட்டும் வைங்க. சாம்பிள் பக்கம் போகக் கூடாது,” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். நானும் தலையை ஆட்டுவேன், போக மாட்டேன்.

அந்த வருஷம் மேடம் அடுத்த துறைப் பூஜைக்குப் போயிருந்தார். நான் தராசுக்கும் உலைக்கும் கம்ப்யூட்டருக்கும் வைத்துவிட்டுத் தட்டோடு திரும்பினேன். மேசைமேல் அவளுடைய முதல் பாட்டில் தட்டு தயாராக இருந்தது. நாற்பத்தெட்டு பாட்டில், வரிசைக்குப் பன்னிரண்டாக நான்கு வரிசை. மறுநாள் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போக வேண்டியவை. ஈரம் ஆவியாக வெளியேறுவதற்காக, மூடிக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுற்றி, ஊசியால் நாலைந்து துளை போட்டிருந்தோம்.

“அக்கா, என் பாட்டிலுக்கும் வைங்கக்கா,” என்றாள்.

“மேடம் திட்டும்மா.”

“மேடம் இல்லியே.”

சென்னை மாணவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, “சர்ச்சுக்குப் போற பொண்ணு விபூதி கேக்குது பாருங்க!” என்றார்.

“எந்த சாமி கையில ரிசல்ட் இருக்குதுன்னு யாருக்குப்பா தெரியும்? எல்லா கவுன்ட்டர்லயும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வெக்கிறேன்.”

சிரித்துவிட்டேன். சிரித்தால் எனக்கு மறுக்க வராது. சந்தனமும் குங்குமமும் ஈரம், கறை பிடிக்கும், விபூதி காய்ந்த பொடிதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பின்வரிசைகள் எட்டவில்லை. கைக்கு எட்டிய முன்வரிசையில், முப்பத்தேழாம் எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தாள்மேலும் மூன்று விரலால் பட்டை போட்டேன். வழவழப்பான தாளில் பொடி ஒட்டாது, அதனால் கொஞ்சம் தாராளமாகவே அழுத்தினேன். மறுநாள் காலையில் இயந்திரத்துக்குள் வைக்கும் முன்பு, மேடம் கண்ணில் படக்கூடாது என்று உலர்ந்த துணியால் ஒவ்வொன்றையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்தேன். பொடி எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. துளை போட்டவளே நான்தான். அப்படியும் யோசிக்கவில்லை.

தை மாதம் முடிவு வந்தது. அளக்கும் இயந்திரம் எங்களிடம் கிடையாது, பொடித்த மண் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குப் போய்வரும். அவள் அந்த அளவுகளைக் கோடாக வரைந்து, பெரிய தாளில் அச்செடுத்து, சுவரில் ஒட்டினாள். முப்பத்தாறாம் பாட்டில் வரைக்கும் கோடு தரையோடு தரையாகப் போகிறது. முப்பத்தேழிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் இரண்டு மலை. அதற்கப்புறம் மறுபடியும் தரை.

“இப்படிப் பாருங்கக்கா,” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். “இந்த ரெண்டு மலையில நாப்பத்தெட்டுதான் பழசு, அங்கருந்து வாங்க. சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஏரி வத்திக்கினே வருது. நாப்பத்திமூணுல உச்சி. அப்புறம் பொத்துனு விழுது, மழை வந்துடுச்சு! மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, முப்பத்தேழுல உச்சி, மறுபடியும் பொத்துனு விழுது. ரெண்டு பஞ்சம்க்கா! ஒண்ணு இல்ல, ரெண்டு!”

மேடம் வந்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “அழகா இருக்கு,” என்றார். மற்றதைச் சொல்லவில்லை, ஆனால் மிச்சப் பொடியை மறுபடியும் அனுப்பச் சொன்னார். அதுவும் அதே கோட்டைத்தான் கொண்டுவந்தது. அதன் பிறகு அவரும் சிரித்தார்.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “அப்பா, பஞ்சம் கெடச்சிடுச்சுப்பா!”

“பஞ்சம் வந்ததுக்கு இப்பிடிக் குதிக்கிற ஆளு நீ ஒருத்திதாம்மா,” என்றார் அவர். டிராக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “அப்ப எங்க தாத்தா சொன்னது நெசந்தான்,” என்றார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் லேபிள் எழுதிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். ஒரு மலை ஆறு பாட்டில். இன்னொரு மலை ஆறு பாட்டில். முப்பத்தேழில் உயரம், அப்படியே தேய்ந்து தேய்ந்து நாற்பத்திரண்டில் கொஞ்சூண்டு. நாற்பத்துமூன்றில் மறுபடி உயரம், தேய்ந்து தேய்ந்து நாற்பத்தெட்டில் கொஞ்சூண்டு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் வலது கைக் கட்டைவிரல் தானாக மற்ற விரல்களைத் தேய்க்கத் தொடங்கியது. தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். முதல் பாட்டிலில் நிறைய விழுந்தது. ஆறாவதுக்கு வரும்போது விரலில் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சிட்டிகை எடுத்தேன்.

அந்தக் கோட்டை ஏரி போடவில்லை. என் கை போட்டது.

அப்போது எழுந்து நின்றவள்தான்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். அவள் லட்டு டப்பாவோடு வந்து என் வாயில் ஒன்றைத் திணித்தாள். வாயில் லட்டோடு எப்படிச் சொல்வது? மறுநாள் போனேன், மேடம் பக்கத்தில் இருந்தார். அதற்கு மறுநாள் போனேன், அவள் குழுவினர் முன்னால் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். மாசிக் கடைசியில் அவளுடைய ஆராய்ச்சிக் குழுக் கூட்டம். அதில் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்டு, சரி என்றால்தான் ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம். “அக்கா, கேளுங்க,” என்று முதல் பக்கத்தை எனக்கே படித்துக் காட்டினாள். இரண்டு பஞ்சம் அதில் முதல் வரியிலேயே இருந்தது.

நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாமே என்றும் தோன்றியது. ஒரு சிட்டிகை விபூதி அவ்வளவு செய்யுமா? சாணத்தைச் சுட்ட சாம்பல்தானே? வீட்டுக்கும் பூஜைக்கும் விபூதி வாங்குகிற கடைக்கே போனேன், கோயில் தெருவில்.

“அண்ணே, இந்த விபூதி எதுல பண்றது?”

“இன்னாம்மா திடீர்னு? சாணத்துலதான்.”

“நெசமாவா?”

“எந்த மாடு, பேரு இன்னான்னு கேப்ப போலருக்குதே! மூட்டையில வருது, பொட்டலம் கட்டிக் குடுக்கிறேன். நெத்தியில இட்டுக்கினு போவியா, ஆராய்ச்சி பண்ணிக்கினு நிக்கிறியே!”

“ஆராய்ச்சி பண்ற எடத்துலதான் அண்ணே வேலை.”

“அதான் கெட்டுப் போயிட்ட,” என்றார் அவர். அதையும் அன்றைக்கு எழுதிவைத்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் யாரும் வருவதற்கு முன் ஆய்வகத்தைத் திறந்தேன். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று உடனே பார்க்க ஒரு வழி உண்டு. நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். கண்ணாடித் தட்டில் வீட்டு விபூதியை வைத்து ஒரு சொட்டு விட்டேன். சோடா பாட்டிலைத் திறந்தது போல ‘சுர்’ரென்று பொங்கியது. சாணச் சாம்பலை விடச் சுண்ணாம்புக்கல் பொடிதான் அதில் அதிகம் போலிருக்கிறது. பிறகு நாற்பத்துமூன்றாம் பாட்டிலில் மிச்சமிருந்த பொடியில் ஒரு சொட்டு. அதுவும் பொங்கியது.

ஆனால் அதனால் என்ன தெரிந்தது? பஞ்சத்துச் சுண்ணாம்பும் பொங்கும், என் விபூதியும் பொங்கும். எது எது என்று அமிலத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றுதான் இருந்தது. குழாயை நாங்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதியைத்தான் வில்லை போடுவோம். மறுபாதியை அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றிக் குளிர் அறையில் பூட்டி வைப்போம். மேடத்தைக் கேட்காமல் அதை யாரும் பிரிக்கக் கூடாது. அந்தப் பாதிக்கு யாரும் விபூதி வைக்கவில்லை.

ஆகச் சொல்லாமல் எதுவும் முடியாது. அதுவும் தெரிந்து, இன்னும் ஒரு வாரம் நின்றுகொண்டே திரிந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் இல்லாமல் இல்லை. அதைவிட, அந்த டிராக்டர் சத்தத்துக்கு நடுவே கேட்ட ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை.

குழுக் கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. அவள் ஊருக்குள் பெரிய காஞ்சிபுரம் பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள், சில நாள் காலையில் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவாள். அன்றைக்குக் காமாட்சி அம்மன் தேர். எல்லாத் தெருவும் அடைத்துக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டோம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகு மட்டும்தான். இதை விட்டால் எனக்கு வாய் வராது என்று தெரிந்தது.

“ஒண்ணு சொல்லணும்மா,” என்றேன். “உன் பஞ்சம் இருக்குதே...”

“மேளத்துல ஒண்ணும் கேக்கலக்கா, கத்திச் சொல்லுங்க!”

“உன் பஞ்சம் ஏரியில வந்தது இல்லம்மா! என் கையிலருந்து வந்தது!”

பக்கத்தில் கூடையோடு நின்ற பூக்காரம்மா திரும்பி, “யாருக்கும்மா பஞ்சம்?” என்றாள்.

அவளுக்கும் சேர்த்துத்தான் மிச்சத்தையும் கத்திச் சொன்னேன். ஆயுத பூஜை, முன்வரிசை, ஊசித் துளை, துடைத்த துணி. ஆறு பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை என்று சொல்லும்போதே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் முதுகு விறைத்தது. வண்டியை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். திரும்பவில்லை.

“ஆறு, ஆறா?”

“ஆமாம்மா.”

“எத்தினி நாளாத் தெரியும்?”

“மூணு வாரம் ஆவுது.”

“மூணு வாரமா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தீங்க.”

“உக்காரலம்மா,” என்றேன். “நின்னுக்கினுதான் குடிச்சேன்.”

“எறங்குங்கக்கா.”

இறங்கினேன். ஆனால் அவள் எங்கே போக முடியும்? வண்டி நகர இடமில்லை. அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்க்க, நான் பக்கத்தில் நின்று அவள் செருப்பைப் பார்க்க, தேர் எங்கள் இருவரையும் தாண்டி அசைந்து அசைந்து போனது. பூக்காரம்மா ஒரு முழம் பூவை நறுக்கி என் கையில் வைத்து, “காசு வேணாம், வெச்சிக்க,” என்றுவிட்டு நகர்ந்தாள். கூட்டம் விலகியதும் அவள் வண்டியைக் கிளப்பினாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“ஏறுங்க,” என்றாள், திரும்பாமல்.

பல்கலைக்கழகம் வந்ததும் நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். நான் வாய் திறப்பதற்குள், “நான்தான் மேடம் வைக்கச் சொன்னேன்,” என்றாள்.

“வெச்சது நானுங்க,” என்றேன்.

“அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க மேடம்.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. சிரிச்சிக்கினேதான் வெச்சேன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “ரெண்டு பேரும் போட்டி போடாதீங்க,” என்றார் கடைசியில். “குளிர் ரூம் சாவியை எடுத்துட்டு வாங்க.”

மறுபாதியை மேசைமேல் கிடத்திப் பிளாஸ்டிக்கைப் பிரித்தோம். கறுத்து, ஈரமாக, அப்போதுதான் ஏரியிலிருந்து எடுத்ததுபோல மணந்தது. அவள் ஸ்கேலை வைத்து நாற்பத்துமூன்றாம் சென்டிமீட்டரைக் குறித்து, மேல்தோலைச் சீவிவிட்டு, பயறளவு மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். சொட்டுக் குழாயை என்னிடம் நீட்டினாள். “நீங்க விடுங்கக்கா. உங்க கைதான் ஆடாது.” வாங்கிக்கொண்டேன்.

ஒரு சொட்டு விழுந்தது. நான்கு தலையும் குனிந்தன. சென்னை மாணவர் டார்ச்சைக் கிட்டக் கொண்டுவந்தார். மண் நனைந்தது. அவ்வளவுதான். ஒரு குமிழி வரவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று பன்னிரண்டையும் பார்த்தோம். எல்லாம் அதே ஊமை. பக்கத்திலேயே நாற்பத்துமூன்றாம் பாட்டில் பொடியில் விட்டதும் ‘சுர்’ரென்றது.

வழக்கமாக ஏரியைக் கேளுங்க என்கிறவர் காதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “ஏரி ஒண்ணும் சொல்லல மேடம்,” என்றார். விளையாட்டாகத்தான் தொடங்கியிருப்பார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அவள் சுவருக்குப் போய் அந்தத் தாளைப் பிரித்தாள். கிழிக்கவில்லை. நான்கு மூலையிலும் பசையை நகத்தால் மெதுவாக விடுவித்துச் சுருட்டினாள். “ஒண்ணும் நடக்கலன்னு எழுதறதுக்கு நாலு வருஷம்,” என்றாள்.

“ஒண்ணும் நடக்காத வருஷத்துலதாம்மா ஜனங்க நல்லா இருந்திருப்பாங்க,” என்றார் மேடம். “அதையும் யாராவது எழுதத்தான் வேணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க நோட்டை எடுங்க. அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ, எத்தனை பாட்டில், எந்த விரல், எந்தத் துணி, எல்லாத்தையும் எழுதுங்க. முன்பக்கத்துல எழுதுங்க. நாளைக்கு இந்த மண்ணைத் தொடுறவங்களுக்குத் தெரியணும்.”

அந்த நோட்டில் அதுவரை முன்பக்கம் எண்கள், பின்பக்கம் அடுத்தவர் பேச்சு. நான் செய்ததை நானே எழுதியது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டே எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது.

அவள் வெளியே வேப்பமரத்தடியில் போனை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். போடவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, என் முன்னாலேயே போட்டாள்.

“அப்பா, அது பஞ்சம் இல்லப்பா.”

“பின்ன?”

“விபூதி.”

எப்படி விபூதி என்று சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு, “எங்க தாத்தா பொய் சொல்ற ஆளு இல்லம்மா,” என்றார் அவர். “எத்தினி அடி எறக்குனீங்க?”

“அஞ்சடிப்பா.”

“பத்தல. இன்னும் எறக்குங்க.”

கூட்டத்தன்று டீ கொண்டுபோகிற சாக்கில் நான் கதவோரம் நின்றேன். அவள் இரண்டு கோட்டையும் காட்டினாள், மலை இருக்கிறதையும், மறுபாதியின் அமிலச் சோதனையை வைத்துப் போட்ட மலை இல்லாததையும். “இந்த இரண்டு மேடும் எதனால் வந்தது?” என்று கேட்டார் ஒரு பெரியவர். நெற்றியில் பளிச்சென்று மூன்று பட்டை.

“விபூதி, சார்.”

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. மேசைமேல் மாதிரிக்காக வைத்திருந்த பாட்டில்களைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். அதற்கப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, அந்தப் பாதியை வைத்து மட்டும் ஆய்வேடு எழுத முடியாது, இன்னொரு குழாய் எடுத்து வா, ஆறு மாதம் தருகிறோம் என்றார்கள். அவள் சரி என்றாள். வெளியே வந்து டீயை ஒரே மூச்சில் குடித்தாள். என்னோடு பேச ஆரம்பிக்க அவளுக்கு இன்னும் பத்து நாள் ஆனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வைகாசியில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருந்தபோது போனோம். இந்தத் தடவை நீளக் குழாய். அவள் அப்பாவும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நீங்கதான் விபூதி அக்காவா?” என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “வெயிலா இருக்குது, அப்படி நெழல்ல உக்காருங்க,” என்றார்.

“வேணாங்க, நிக்கிறேன்.”

குழாயை நிமிர்த்தி, மேலே கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. குனியப் போனேன், அவள் தடுத்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். காலையில் வீட்டில் இட்டுக்கொண்டது நெற்றியில் அப்படியே இருந்தது. தன் தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றி, என் தலையில் மாட்டி, புருவம் வரைக்கும் இழுத்துவிட்டாள்.

“மூடிக்கினு வாங்கக்கா,” என்றாள். “இந்தப் பஞ்சமாவது எங்களுதா இருக்கட்டும்.”

குழாய் அடிக்கு அடி இறங்கியது. போன தடவை நின்ற அளவுக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தோம். அந்தக் கோடு மண்ணுக்குள் போனபோது சென்னை மாணவர் சம்மட்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றார் அவள் அப்பா. “எறக்குப்பா.”